சாந்தாமேரி கழுவிய கல்யாண சீடி

எங்கள் எஸ்டேட் ஆபீசில் சாந்தாமேரி டைப்படிக்க வந்து பதினெட்டு வருஷம் இருக்கும். நான் அங்கே ஜீப் ஓட்டுகிறவன். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். படித்தவர்களைப் பற்றி லேசில் நல்லது சொல்லிவிட மாட்டேன். இவளைப் பற்றிச் சொல்லலாம்.

தொண்ணூற்றெட்டில் தொரை ஆபீசுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டார். எட்டு நாள் சேலத்துக்குப் போய்க் கற்றுக்கொண்டு வரச் சொன்னார். சாந்தாமேரி போய்விட்டு வந்தாள். வந்ததும் ஒரு நோட்டையும் பென்சிலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். எதை அமுக்குவதானாலும், அதற்கு முன் திரையில் என்ன இருந்தது என்று எழுதிவிட்டுத்தான் அமுக்குவாள்.

"ஏம்மா, நீ எழுதி முடிக்கிறதுக்குள்ள நான் சேலம் போயிட்டுத் திரும்பிருவேன் போலிருக்குதே?" என்றேன் ஒருநாள்.

"வந்த வழி தெரிஞ்சாத்தானுங்கண்ணா திரும்பிப் போக முடியும். ஏடாகூடமாப் போயி மாட்டிக்கிட்டா தொரைகிட்ட யாருங்க பேச்சு வாங்கறது? நீங்க வாங்குவீங்களா?"

நான் ஜீப்பைத் துடைக்கப் போய்விட்டேன்.

மறுவருஷம் தை மாதம் பக்கத்து மலைக் கிராமமான செம்மநத்தத்து வெள்ளையன் மகள் ராஜேஸ்வரிக்கு அடிவாரத்தில் கல்யாணம். அஞ்சு நாள் முன்னால் வெள்ளையன் பெண்டாட்டி கண்ணாயி மிளகு பறிக்க ஏணி ஏறி, வழுக்கி விழுந்து கால் எலும்பை முறித்துக்கொண்டாள். சேலம் ஆஸ்பத்திரியில் சேர்த்து மாவுக்கட்டுப் போட்டார்கள். கல்யாணத்தைத் தள்ளிப்போடலாமா என்று கேட்டவர்களை, "பந்தக்கால் நட்டாச்சு, என்னைக் கேட்டுக்கிட்டு நிக்கறீங்களே" என்று படுத்தபடியே விரட்டினாள். பெற்ற மகளுக்குத் தாலி ஏறியபோது அவள் கட்டிலில் காலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தபடி கிடந்தாள்.

பார்க்க வீடியோ வருகிறது என்று சொல்லித்தான் அவளைத் தேற்றி வைத்திருந்தார்கள். ஆனால் வீடியோக்காரர் கேசட்டுக்குப் பதிலாக ஒரு சீடியைக் கொடுத்துவிட்டார். செம்மநத்தத்தில் கேசட் போடுகிற டெக் ஒன்று உண்டு. அதில் சீடி எப்படிப் போகும்? திரும்பப் போய்க் கேட்டால், கேசட்டை அழித்து அடுத்த கல்யாணத்துக்குப் படம் பிடித்தாயிற்று என்றார். ஆக மொத்தக் கல்யாணமும் அந்த ஒரு சீடியில்தான் இருந்தது.

வெள்ளையன் என்னிடம் வந்தான். நான் சாந்தாமேரியிடம் சொன்னேன். அவள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கலாமா என்று தொரையிடம் கேட்டு, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து ஆபீசைத் திறப்பதாகச் சொன்னாள்.

கண்ணாயி அதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தாள். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரை ஏற்றி வரத்தான் ஜீப்பை எடுத்துக்கொண்டு போனேன். ஏழு பேர் ஏறிக்கொண்டார்கள். கண்ணாயியின் தம்பி சின்னன் பின்னால் தொங்கிக்கொண்டு வந்தான். கட்டுப் போட்ட காலை நீட்டி, முன்சீட்டில் கண்ணாயி மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

ஆபீசில் சாந்தாமேரி கம்ப்யூட்டரின் தட்டை வெளியே வரவைத்து சீடியை வைத்தாள். உள்ளே போனது உறுமியது. நின்றது. மறுபடியும் உறுமியது. திரையில் ஒன்றும் வரவில்லை.

"காலி சீடியைக் கொடுத்து ஏமாத்திட்டானோ?" என்றான் சின்னன். கண்ணாயி முகம் செத்துவிட்டது.

சாந்தாமேரி சீடியை எடுத்து ஓரத்தைப் பிடித்துத் திருப்பினாள். பளபளப்பான பக்கத்தில் மூன்று பட்டை சந்தனம். நடுவில் கட்டைவிரல் அகலத்துக்குக் குங்குமம்.

"ஏனுங்க, இது யாரு வேலை?"

"நான்தானுங்கம்மிணி," என்றான் வெள்ளையன். "புதுச் சாமானாச்சே. கோயில்ல வெச்சுக் கும்பிட்டுக் கொண்டாந்தனுங்க. எழுத்திருக்கற பக்கம் வெச்சாப் பொண்ணு மாப்பிள்ளை பேரு மறைஞ்சு போயிருமுங்க. அதான் ஒண்ணுமில்லாத பக்கமாப் பார்த்து வெச்சேன்."

"அந்த ஒண்ணுமில்லாத பக்கத்துலதானுங்க உங்க மக கல்யாணம் இருக்குது."

நான் ஜீப் துடைக்கிற துணியை நீட்டினேன். சாந்தாமேரி என் கையிலேயே ஒரு தட்டுத் தட்டினாள். "மண்ணுத் துணிங்கண்ணா. கீறல் விழுந்தா அப்புறம் படமே வராது. தண்ணிதான் ஊத்தணும்."

வெள்ளையன் பதறினான். "சாமிகிட்ட வெச்ச குங்குமத்தைக் கழுவறதுங்களா? வேண்டாமுங்க. நொம்பத் தப்பு."

சாந்தாமேரி கழுவவில்லை. கழுத்துச் சிலுவையைத் தொட்டுக்கொண்டு நின்றாள். வேறு சாமி கும்பிடுகிறவள் எப்படி வற்புறுத்துவாள்? கடைசியில் சீடியை அப்படியே கண்ணாயியிடம் கொண்டுபோய் நீட்டினாள். "அக்கா, நீங்க சொல்லுங்க."

கண்ணாயி சீடியை வாங்கிக்கொண்டாள். பிறகு விரல் நுனியால் குங்குமத்தைப் பூப்போல வழித்து நெற்றியில் வைத்துக்கொண்டாள். சந்தனத்தை எடுத்துக் கழுத்தில் பூசிக்கொண்டாள். "எனக்கு வந்து சேர்ந்திருச்சு. மிச்சத்தைக் கழுவு கண்ணு."

சாந்தாமேரி உள்ளங்கையில் சோப்பை நுரைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு மெதுவாக வழித்துக் கழுவினாள். கழுவின தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் ஏனத்தில் பிடித்து ஜன்னலடிக் காப்பிச் செடிக்கு ஊற்றச் சொன்னாள். அதற்குப் பிறகுதான் வெள்ளையனுக்கு மூச்சு வந்தது.

இந்தத் தடவை உறுமல் சீராக ஓடியது. திரையில் பெட்டி பெட்டியாக வந்தது. ஒன்றைத் திறந்து உள்ளே இருந்ததை அமுக்கினாள். இதை எதை வைத்துத் திறப்பது என்று கம்ப்யூட்டர் இவளையே கேட்டது. நோட்டில் எழுதிக்கொண்டு பின்வாங்கினாள். படம் ஓட்டுகிற புரோகிராமை முதலில் திறந்து, அதற்குள்ளிருந்து வழிகாட்டிப் பார்த்தாள். தீப்பெட்டி அளவுக்கு ஒரு பந்தல் தெரிந்தது. இன்னொரு தடவை அமுக்கினாள். திரை முழுக்க ராஜேஸ்வரி!

"சத்தம் எங்கம்மிணி?" என்றான் சின்னன்.

ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு ஸ்பீக்கர் வாங்கவில்லை. சாந்தாமேரி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அட, இவ்வளவுதானா?" என்று சின்னன் மூலையில் கிடந்த தகர டிரம்மை இழுத்துக் கால்நடுவில் வைத்துக்கொண்டான். படத்தில் மேளக்காரர் கை ஓங்கும்போதெல்லாம் இவனும் அடித்தான். வந்த பெண்கள் குலவையிட்டார்கள். மாப்பிள்ளை தாலியை எடுத்ததும் நானே, "கெட்டி மேளம், கெட்டி மேளம்" என்று கத்திவிட்டேன்.

கண்ணாயி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். மஞ்சள் அரிசி. வாரி எடுத்துத் திரையின் மேல் மூன்று தரம் போட்டாள். பாதி கீபோர்டில் விழுந்தது. தொரையின் கீபோர்டு. சாந்தாமேரியும் நாலு அரிசியை எடுத்துப் போட்டாள்.

"ஏனுங்க," என்றாள் கண்ணாயி புருஷனைத் திரும்பிப் பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "தாலி கட்டறப்பப் பக்கத்துலயே நின்னேன்னீங்க. படத்துல ஆளையே காணோமே?"

"சமையக்காரன் ரசத்துல உப்புப் போடலைன்னு..."

"மக கழுத்துல தாலி ஏறுது, இவருக்கு ரசத்துல உப்பு!"

ஜன்னல் அதிரச் சிரித்தார்கள். கண்ணாயி கட்டுக்காலைப் பிடித்துக்கொண்டு, வலிக்க வலிக்கச் சிரித்தாள்.

"கண்ணு, இன்னொருக்காக் கட்டச் சொல்லு."

சாந்தாமேரி நோட்டைப் பார்த்து வந்த வழியே பின்னால் போனாள். சின்னன் டிரம்மைச் சரிப்படுத்திக்கொண்டான். மத்தியானத்துக்குள் ராஜேஸ்வரிக்கு நாலு தடவை தாலி ஏறியது. நாலு தடவையும் கண்ணாயி அரிசி போட்டாள்.