அபிதகுஜாம்பாளின் ஏழு மணி ரோல் கால்

சேலையூரில் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்புகிற தெருக்களில் ஒன்றில், ஒரு வீட்டு மொட்டை மாடியிலிருந்து கம்பி ஒன்று கிளம்பி, எதிர்க்கோடியில் நிற்கும் இரும்புக் குழாய் வரை நீண்டிருக்கும். புதிதாகக் குடிவருகிறவர்கள் அதைத் துணி காயப்போடும் கொடி என்று நினைப்பார்கள். அவ்வளவு உயரத்தில் ஏறி யார் துணி போடுவார்கள் என்று யோசிப்பதில்லை. அது ஆன்டெனா. வீடு அபிதகுஜாம்பாளுடையது.

திருவண்ணாமலை அம்மன் பெயரை முழுசாக வைத்துவிட்டார்கள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெளியூர்க் கால்களை இணைக்கும் ட்ரங்க் கால் போர்டில் உட்கார்ந்த காலத்தில் மேலதிகாரிகள் அந்தப் பெயரைச் சொல்ல வாய் குழறிப் பாதியில் நிறுத்துவார்கள். வீட்டிலிருந்தே வயர்லெஸ்ஸில் பேசிக்கொள்வதைப் பொழுதுபோக்காக வைத்திருக்கும் ஹாம் ரேடியோக்காரர்கள் சிரமப்படவில்லை. முதல் நாளே வெட்டி ‘அபிதா’ ஆக்கிவிட்டார்கள். வயது ஏற ஏற அது ‘அபிதாக்கா’ ஆயிற்று.

தந்திமொழிப் பரீட்சை எழுதப் போன அறையில் அவள் ஒருத்திதான் பெண். லைசென்ஸ் வாங்கி, செட் வாங்கி, கம்பியை இழுத்துக் கட்டினாள். அன்றிலிருந்து காலையில் செட்டைப் போடாத நாள் அபூர்வம். தமிழ்நாட்டின் பல ஊர்களிலிருந்தும் ஹாம்கள் தினமும் ஏழு மணிக்கு ஒரே அலைவரிசையில் கூடுவார்கள். அதற்கு நெட் என்று பெயர். ஒருவர் நடுவில் இருந்து வரிசையாக ஒவ்வொருவரையும் கூப்பிட வேண்டும், அவர்கள் பதில் சொல்ல வேண்டும். இந்த ரோல் காலைப் பல வருஷங்களாக அபிதகுஜாம்பாள்தான் நடத்தி வந்தாள். வெள்ளம் வந்து செல்போனெல்லாம் செத்துக் கிடந்த வருஷம், முடிச்சூரில் மாட்டிக்கொண்டவர்களின் செய்திகள் அவள் செட் வழியாகத்தான் போயின. மற்ற நாட்களில் வானிலை, வெங்காய விலை, யாருக்கு எந்த டாக்டர் நல்லவர், இவ்வளவுதான். ஆனால் ஏழு மணி என்றால் ஏழு மணி.

போன வருஷம் முடக்குவாதம் வந்தது. அது நாள் முழுக்க ஒரே மாதிரி படுத்துகிற வியாதி இல்லை. காலையில்தான் கெடுபிடி. எழுந்தவுடன் விரல்கள் மரக்குச்சி மாதிரி நிற்கும். வெந்நீரில் வைத்து, மெதுவாக மடக்கி நீட்டி, ஒன்பது மணி வாக்கில் வழிக்கு வரும். அதன் பிறகு அவளால் முருங்கைக்கீரைகூட ஆய முடியும். விடியும் முன்பே எழுந்து பார்த்தாள். கை அதற்கும் மசியவில்லை, தூக்கம் போனதுதான் மிச்சம்.

செட்டின் பெரிய குமிழை விரல் நுனியால் தொட்டுத் திருப்ப வேண்டும். ஒரு மயிரிழை தள்ளினாலும் எதிராளியின் குரல் வாத்து கத்துவதுபோல் கேட்கும். நெட் நடத்துகிறவரே தள்ளி நின்றால், பாதிப் பேர் அவரைத் தேடிப் போவார்கள், பாதிப் பேர் பழைய இடத்தில் நிற்பார்கள். அப்படி நாலைந்து தடவை ஆயிற்று. என்ன அக்கா என்று கேட்டார்கள்.

“செட்டுக்கு வயசாயிடுத்து, தானே நகர்ந்துண்டு போறது” என்று சொல்லிவிட்டாள். செட் கல்லுமாதிரி நின்ற இடத்தில்தான் நின்றது. நகர்ந்தது அவள் கை.

மைக்கில் இருக்கும் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடி பேசுவது அதைவிடக் கஷ்டம். ஒருநாள் ரோல் கால் முடிந்ததும் கணவர் ராஜகோபாலிடம், “இதுக்கு ஒரு வழி இருக்கான்னு பாக்கறேன். இல்லேன்னா அத்தாவுல்லாட்ட குடுத்துடறேன்” என்றாள். மேடவாக்கத்தில் இன்வெர்ட்டர் பேட்டரிக் கடை வைத்திருக்கும் அத்தாவுல்லா நெட்டில் அவளுக்கு அடுத்த மூத்தவர். கேட்டால் மறுக்க மாட்டார். கொடுத்துவிட்டால் திரும்பக் கேட்க முடியாது என்பது அவளுக்குத் தெரியும்.

வழி செட்டின் முதுகிலேயே இருந்தது. ஒன்பது துளை கொண்ட சீரியல் சாக்கெட். வாங்கிய நாளிலிருந்து தொட்டதில்லை. அதிலிருந்து ஒரு கேபிள் லேப்டாப்புக்குப் போனால், கம்ப்யூட்டர் அலைவரிசை எண்ணைச் சொல்லும், செட் அந்த எண்ணுக்குப் போய் நிற்கும், போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று திருப்பியும் சொல்லும். கேட்டதைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்வது எக்ஸ்சேஞ்சில் அவள் செய்த வேலை. இந்த ஏற்பாடு அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

மத்தியானம், கை நன்றாக இருக்கும் நேரத்தில், இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். ராஜகோபால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் கையேட்டை வாசித்தார். லேப்டாப்பில் ஒரு வேகம் வைத்திருந்தாள், செட்டில் வேறு வேகம் இருந்தது. செட் வாயே திறக்கவில்லை.

“ரெண்டு பக்கமும் ஒரே வேகத்துல பேசலேன்னா ஒருத்தர் சொல்றது இன்னொருத்தருக்குப் புரியாதாம்” என்றார் ராஜகோபால்.

“சரி.”

“நம்மாத்துல கல்யாணம் ஆனதுலேர்ந்து அதான் கதை.”

“வேகத்தைச் சொல்லுங்கோ, கதை அப்புறம்.”

வேகத்தைச் சரிசெய்ததும் செட்டின் எண்கள் லேப்டாப் திரையில் வந்து விழுந்தன. விரல் முட்டியால் அம்புக்குறி விசையைத் தட்டினால் அலைவரிசை ஏறியது, இறங்கியது. அவள் நாலு தரம் ஏற்றி நாலு தரம் இறக்கினாள். ராஜகோபால் பக்கோடா போட்டார்.

மறுநாள் காலையில்தான் இரண்டாவது வயரை உள்ளங்கையால் அழுத்திச் செருகினாள். மெல்லிசு வயர். மைக் பொத்தானுக்குப் பதில் லேப்டாப்பின் ஸ்பேஸ் பாரைத் தட்டினால் செட் ஒலிபரப்பும், விட்டால் கேட்கும். இதற்கான வயர் அது. புரோகிராமைத் திறந்தாள். ஸ்பீக்கரில் வழக்கமாக இரைந்துகொண்டிருக்கும் ‘ஸ்ஸ்’ சட்டென்று நின்றது.

“கேட்டேளா? இரைச்சல் அடியோட போயிடுத்து. லேப்டாப் சார்ஜரைக் கழட்டினேனே, அதான்” என்று சமையலறையில் இருந்த ராஜகோபாலுக்குச் சொன்னாள்.

அதனால் இல்லை. புரோகிராம் திறந்த நொடியிலேயே அந்த மெல்லிசு வயரில் மின்சாரம் பாய்ந்து செட் ஒலிபரப்ப ஆரம்பித்துவிட்டது. ஒலிபரப்பும்போது செட்டுக்குக் காது கேட்காது, அதுதான் அமைதி. செட்டின் நெற்றியில் சிவப்பு விளக்கு எரிந்தது. இத்தனை வருஷம் செட்டின் முகத்தையே பார்த்து வாழ்ந்தவள், அன்றைக்கு முதல் முறையாகக் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மைக் மேஜைமேல் நின்றது. பக்கத்தில் வெந்நீர்ப் பேசின்.

ராஜகோபால் கெண்டியோடு வந்தார். “கை எப்படி இருக்கு?”

“கட்டை. இன்னும் கொஞ்சம் சூடா ஊத்துங்கோ.”

“பேசாம அவாகிட்டயே சொல்லிடேன், கை முடியலேன்னு. யாரு என்ன சொல்லப்போறா?”

“ஒண்ணும் சொல்ல மாட்டா, அதான் பயம். ‘பாவம் அக்கா’ம்பா. தினம் என் கையை விசாரிச்சுட்டுதான் மத்த பேச்சு. அது ரோல் காலா, ஆஸ்பத்திரி வார்டா?”

“அதுக்காக செட்டு மேல பழி போடலாமா?”

“செட்டுக்கு என்ன, வெக்கமா மானமா?”

“அத்தாவுல்லா நல்லா நடத்துவாரே.”

“நடத்துவார்! மூச்சுக்கு மூணு ரோஜர். ‘ரோஜர் ரோஜர் ரோஜர், நல்லா கேக்குது.’ முதல் ஆளைக் கூப்பிட்டு முடிக்கறதுக்குள்ள சாப்பாட்டு நேரம் வந்துடும். கல்யாண மண்டபத்துல மைக் கெடைச்ச மாமா மாதிரி, கீழ வைக்கவே மாட்டார்.”

“நல்ல மனுஷன்டி.”

“நல்ல மனுஷன்தான், யார் இல்லேன்னா? நல்ல மனுஷாளுக்கெல்லாம் ரோல் கால் நடத்த வருமா?”

கூடத்தில் போன் அடித்தது. “எவனாவது லோன் வேணுமாம்பான், காலங்கார்த்தால” என்றார் ராஜகோபால். எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. மறுபடியும் எடுக்கவில்லை.

ஏழு மணிக்குக் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். முட்டியால் ஸ்பேஸ் பாரைத் தட்டி, வழக்கமான வணக்கத்தைச் சொல்லி, முதல் பெயரைக் கூப்பிட்டாள். தஞ்சாவூர் சூர்யநாராயணன். பதில் இல்லை. இரண்டாவது பெயர். அதுவும் இல்லை. மூன்றாவதுக்கும் இல்லை. திரையில் எண் சரியாக இருந்தது, ஸ்பீக்கரில் ஒரு சத்தமும் இல்லை.

“எல்லாரும் வேற எடத்துக்குப் போயிட்டாளோ?” என்றார் ராஜகோபால் மெதுவாக.

அபிதகுஜாம்பாள் திரையில் எண்ணை இன்னொரு தரம் பார்த்தாள். போயிருந்தால் தப்பும் சொல்ல முடியாது. அங்கேயும் இங்கேயும் நகர்ந்துகொண்டே இருக்கிற ஒருத்தியை எத்தனை நாள் தேடுவார்கள்? பேசினைத் தள்ளி வைத்தாள். “இனிமே வெந்நீர் வேண்டாம். நெட்டை விட்டுடறேன்” என்றாள்.

அப்போது வாசல் மணி விடாமல் அடித்தது. ராஜகோபால் கதவைத் திறந்தார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அத்தாவுல்லா உள்ளே பாய்ந்தார்.

“அக்கா, வயரைப் புடுங்குங்க! ஏர்ல இருக்கீங்க, பேசுறது எல்லாருக்கும் கேக்குது!”

“எந்த வயர்?”

அவர் செட்டின் சிவப்பு விளக்கைக் காட்டினார். அவள் அதைப் பார்த்தாள். கையை நீட்டுவதற்குள் அவரே லேப்டாப்பிலிருந்து அந்த மெல்லிசு வயரைப் பிடுங்கிவிட்டார். விளக்கு அணைந்தது. ‘ஸ்ஸ்’ என்று இரைச்சல் அறையை நிறைத்தது, அதன் நடுவில் சூர்யநாராயணனின் குரல். “…வயரைப் புடுங்கிட்டார் போலருக்கு. அத்தாவுல்லா போய்ச் சேர்ந்துட்டாரு.” பின்னால் யாரோ சிரித்தார்கள். ஒருவரும் எங்கேயும் போகவில்லை.

“எப்பலேர்ந்து?” என்றாள் அபிதகுஜாம்பாள்.

“சார்ஜரைக் கழட்டுனதுலேர்ந்துக்கா. நீங்க பேசுறப்போ நாங்க கத்துனா உங்களுக்கு எங்க கேக்கும்? போன் பண்ணேன். என் போன் உங்க வூட்டுல அடிக்கிறது என் செட்டுலயே கேக்குது. லோன் குடுக்கறவன்னு சார் சொல்றதும் கேக்குது. வேற இன்னா பண்றது, வண்டியை எடுத்துட்டேன்.”

ராஜகோபால் கெண்டியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார்.

“அப்ப எல்லாத்தையும் கேட்டாச்சு.”

“மண்டபத்து மாமாலேர்ந்து லோன்காரன் வரைக்கும். அதுக்கப்புறம் கெளம்பிட்டேன்.”

அபிதகுஜாம்பாளுக்குக் காது மடல் சுட்டது. ஆனாலும் பின்வாங்குகிற பழக்கம் இல்லை. “சொன்னது நிஜம்தானே?” என்றாள்.

“நிஜம்தான். எங்க வூட்டுக்காரி ஸஹானாவும் அதேதான் சொல்றா. எத்தினி ரோஜர் சொல்றேன்னு எனக்கு எங்கக்கா தெரியுது?” ஹெல்மெட்டைக் கழற்றி நாற்காலியில் உட்கார்ந்தவர் அவள் கைகளைப் பார்த்தார். வெந்நீரில் சிவந்து, முட்டிகள் புடைத்திருந்தன. அவள் புடவைத் தலைப்பில் மறைக்கவில்லை.

“இதை வெச்சிக்கினா செட்டைக் கொறை சொன்னீங்க? ஒரு மாசமா அந்தச் செட்டுக்கு பார்ட்ஸ் தேடி ரிச்சி ஸ்ட்ரீட் பூரா அலைஞ்சு பேஜாராயிட்டேன். ஒருத்தன் விடாம கேட்டேன்.”

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. பரிதாபத்துக்குத் தயாராக இருந்தவள் இதற்குத் தயாராக இல்லை. “கெடைச்சுதா?” என்று மட்டும் கேட்டாள்.

“கெடைச்சுது. வாங்கி வெச்சிருக்கேன்.”

ஸ்பீக்கரில் யாரோ, “அக்கா, அங்க என்ன ஆச்சு?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“இன்னிக்கு நீங்களே நடத்துங்கோ. என்ன மொகத்தை வெச்சுண்டு நான் பேசறது?”

“ரேடியோக்கா. மொகம் யாருக்குத் தெரியும்? என்கிட்ட குடுத்தா சாப்பாட்டு நேரம் ஆயிடும்.” லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினார். “புரோகிராமைத் தொறந்ததும் அந்த வயர் தானே ஆன் ஆவுது பாருங்க. அது ஆஃப்ல இருக்கணும். நீங்க வெச்சதுதானே, நீங்களே தேடுங்க.”

தேடினாள். அமைப்புகள் பக்கத்தில், நாலாவது வரியில், யாரும் கேட்காமலே ஒரு டிக் உட்கார்ந்திருந்தது. முட்டியால் அதைத் தட்டி எடுத்தாள். வயரைத் திரும்பச் செருகினார்கள். சிவப்பு விளக்கு எரியவில்லை, இரைச்சல் நிற்கவில்லை. ஸ்பேஸ் பாரைத் தட்டினாள், எரிந்தது. விட்டாள், அணைந்தது. இன்னொரு தரம். எண் ஒரு புள்ளிகூட நகரவில்லை.

ராஜகோபால் இரண்டு டம்ளர் காபி கொண்டுவந்து வைத்தார். அபிதகுஜாம்பாள் தொண்டையைச் சரிசெய்துகொண்டு ஸ்பேஸ் பாரை அழுத்தினாள்.

“எல்லாருக்கும் வணக்கம். நீங்க கேட்டதெல்லாம் நிஜம். செட்டுல ஒரு கோளாறும் இல்லே. எனக்கு முடக்குவாதம், காலைல விரல் மடங்காது. இனிமே கம்ப்யூட்டர் மூலமா நடத்தப்போறேன். நான் தள்ளிப் போனா ஒடனே சொல்லுங்கோ. கையைப் பத்தி யாரும் விசாரிக்க வேண்டாம், நேரம் ஆறது. தஞ்சாவூர்?”

“தஞ்சாவூர் ஆஜர். ரொம்ப சுத்தமா கேக்கறது அக்கா. விசாரிக்கலை.”

ஒவ்வொருவராக வந்தார்கள். விசாரிக்காதே என்றதை மீறி நாகர்கோவில்காரர் மட்டும் வெந்நீரில் கல்லுப்பு போடச் சொன்னார். அவள் ஏற்கெனவே போட்டுப் பார்த்தாயிற்று என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டாள். குரல் பழைய வேகத்துக்கு வந்துவிட்டது. விரல் முட்டி விசையில் ஏறி இறங்கியது.

வரிசையில் அடுத்த பெயர் மேடவாக்கம். கூப்பிட்டு, விசையை விட்டுக் காத்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் அத்தாவுல்லா காபியோடு நிமிர்ந்தார். அவரவர் செட்டிலிருந்து பேசினால்தான் ஆஜர், அது நெட்டின் சட்டம். ஸ்பீக்கரில் இரைச்சல் மட்டும் வந்தது. மகள் கல்யாணத்தன்றுகூட மாப்பிள்ளை வீட்டாரை வாசலில் நிற்கவைத்துவிட்டு வந்து பதில் சொன்னவர் அவர். ஒரு நாளும் தவறியதில்லை.

அவள் எல்லோருக்கும் கொடுக்கிற அவகாசத்தை அவருக்கும் கொடுத்தாள். பிறகு விசையை அழுத்தி, “மேடவாக்கம், பதில் இல்லை” என்றாள்.

“அக்கா! இங்கதானே ஒக்காந்துகினு இருக்கேன்!”

“உங்க செட்டுல இல்லையே.” விசையை விட்டாள். “இப்பவே கெளம்பினேள்னா கடைசில லேட்டா சேத்துக்கறேன். ஏழே முக்கால் வரைக்கும் தொறந்து வெக்கறேன்.”

அத்தாவுல்லா ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். ஸ்கூல் வேன்கள் வரிசையாகக் கேம்ப் ரோட்டை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தன. இரண்டு தண்ணீர் லாரிகள் முட்டிக்கொண்டு நின்றன.

“இந்த டிராஃபிக்லயா? விடுங்கக்கா, ஆப்சென்ட்டே போட்டுக்குங்க” என்று சொல்லிவிட்டுக் காலை நீட்டிச் சாய்ந்து உட்கார்ந்தார். “சார், காபில சர்க்கரை கம்மி.”

ராஜகோபால் சர்க்கரை டப்பாவை எடுக்கப் போனார். அபிதகுஜாம்பாள் முட்டியால் விசையை அழுத்தி அடுத்த ஊரைக் கூப்பிட்டாள்.