இரண்டு விரல் இடைவெளி

நான் தாராவியில் வெல்டர். செம்பூரில் ஒரு பழைய கட்டிடம் நிலநடுக்கத்தைத் தாங்குவதற்காக, அதன் கார் நிறுத்துமிடத்தில் குறுக்கு இரும்புச் சட்டங்கள் பொருத்தினேன். சட்டத்தின் நுனி தூணைத் தொடாமல், இணைப்புத் தகட்டில் இரண்டு விரல் இடைவெளி விடச் சொன்னது வரைபடம். எனக்கு அது அரைகுறை வேலையாகப் பட்டது. யாரும் கேட்காமலே எல்லா இடைவெளியிலும் இரும்புத்துண்டு வைத்து வெல்டிங் அடித்தேன். அந்தக் குடியிருப்புச் சங்கத்தின் செக்ரட்டரியிடம் பெருமையாகக் காட்டவும் செய்தேன்.

சென்ற மாதம் கோவண்டியில் அதே மாதிரி வேலை. அங்கும் அடைக்கப் போனபோது இன்ஜினியர், ஒரு தமிழ்ப் பெண், பதறித் தடுத்தார்.

"அண்ணே, பூமி குலுங்கும்போது தகடு அந்த இடத்துலதான் வளையணும். அடைச்சிட்டா வளைய முடியாம வெல்டிங் கிழிஞ்சிரும்."

வேலையை அப்படியே போட்டுவிட்டுச் செம்பூருக்கு ஓடினேன்.

"தப்பு பண்ணிட்டேன் சார். அடைச்சதை வெட்டி எடுத்துருதேன், உள்ள விடுங்க."

"நீதானேப்பா எக்ஸ்ட்ரா ஸ்ட்ராங்னே? இப்போ வெட்டணும்ங்கறே! போ, போ" என்றார் செக்ரட்டரி.

காலில் விழுந்தேன். வாட்ச்மேன் இழுத்து வெளியே விட்டார்.

இப்போதும் வேலை முடிந்ததும் அந்த கேட் முன்னால் போய் நிற்கிறேன். ஏழு மாடியிலும் துணி காய்கிறது. சோம்பேறியாக இருந்திருந்தால் ஒன்றிரண்டு இடைவெளியையாவது விட்டிருப்பேன். ஆசையாகச் செய்த வேலை, ஒன்றைக்கூட விடவில்லை.