உள்ளங்கையில் ஒரு தொடைத்தோல்

சூடாயிருந்த உழவு மிசினின் றேடியேற்றர் மூடியை என் கணவர் வெறுங்கையால் திறந்தார். செய்யாதேங்கோ என்று நான் எத்தனையோ முறை சொன்ன வேலை. கொதிநீர் பாய்ந்து வலது உள்ளங்கை வெந்துபோனது. ஆஸ்பத்திரியில் தொடையிலிருந்து தோல் எடுத்து அங்கே வைத்தார்கள். தோல் பிடித்துவிட்டது, ஆனால் தொட்டாலும் தெரியாது, கிள்ளினாலும் தெரியாது. உணர்ச்சி மெல்ல மெல்ல வரலாம், வராமலும் போகலாம் என்றார் டொக்டர்.

வீட்டுக்கு வந்தபின் இவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"இஞ்சாரும், இது எப்ப உள்ளங்கைத் தோலா மாறும்?"

"பொறுங்கோ, பாப்பம்" என்று மழுப்பினேன். உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவள் நான். விடை தெரியாமலில்லை, சொல்ல மனம் வரவில்லை.

கிளிநொச்சியில் எங்கள் வளவைச் சுற்றிக் கிளுவைக் கதியால் வேலி. கொப்பை வெட்டிக் கதியாலாக நட்டால் போதும், மண்ணுக்குள் போன பக்கம் வேர் விடும், மேலே துளிர்க்கும். கொப்பு வேராகலாம் என்றால் தொடை ஏன் கையாகாது? இவருடைய எண்ணம் அதுதான். வேலை செய்யச் செய்யத் தோல் காய்த்துத் தடிக்கும் என்று நம்பி, நான் பள்ளிக்கூடம் போன நேரம் பார்த்து, கனத்த இரும்பு அலவாங்கால் நிலத்தில் கதியாலுக்குக் கிடங்கு கிண்டியிருக்கிறார். நான் திரும்பி வந்தபோது கை பிய்ந்து இரத்தம். நோகாததால் இவருக்கே தெரியவில்லை.

வந்த கோபத்தில் அங்கேயே வகுப்பெடுத்தேன்.

"உடம்பில எல்லாக் கலத்துக்குள்ளயும் ஒரே பரம்பரையலகுகள்தான், அதான் ஜீன்கள், இருக்குது. அதில எது வேலை செய்யுது, எது பேசாமக் கிடக்குது எண்டதைப் பொறுத்துத்தான் தொடை தொடையாகுது, கை கையாகுது. கிளுவையை வெட்டி நட்டா, பேசாமக் கிடந்ததுகளை எழுப்பி வேர் விடும். எங்கட தோல் அப்பிடியில்லை. இது ஒருநாளும் உள்ளங்கையாகாது, விளங்குதே?"

இவர் கையை மடியில் வைத்துக்கொண்டு வேலியைப் பார்த்தார்.

"அப்ப நான் சும்மா நம்பிக்கொண்டிருந்தனான்" என்றார்.

என் வாயில் சனி. சொன்னது சரிதான், சொன்ன விதம்தான் இன்றைக்கும் என்னைக் குத்துகிறது.

அந்தத் தோலில் எண்ணெய்ப்பசை ஊறாது, விட்டால் காய்ந்து வெடிக்கும். அதனால் காலையும் மாலையும் தேங்காயெண்ணெய் பூசினேன். இவர் கையை நீட்டிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். மாதங்கள் போயின. தொடை மயிர் இரண்டு மூன்று உள்ளங்கையில் முளைத்தது. "தோட்டம் செய்யலாம் போல கிடக்கு" என்று பகிடி விட்டேன். இவர் சிரிக்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது, கையை நினைத்து அல்ல, இந்த மனுசனை நினைத்து.

மழை விட்டிருந்த ஒரு மார்கழிக் காலை, பாத்திரம் கழுவிய ஈரக் கையோடு வந்து எண்ணெய்ப் போத்தலைத் திறந்தேன். விரலை வைத்ததும் இவர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"என்ன?"

"உம்மட கை குளிருது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, இழுத்த கையைத் தானாகவே திரும்ப நீட்டினார்.

"இன்னொருக்கா வையும்" என்றார்.