ஓரடியா, ஆறடியா

அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவர் சட்டையில் எப்போதும் கிரீஸ் வாடை வீசும். எத்தனை முறை துவைத்தாலும் போகாத அந்த வாடையை வைத்தே அவர் வீட்டுக்குள் வந்துவிட்டதைத் தெரிந்துகொள்வேன். செஞ்சிக்குக் கீழே ஆற்றை மறித்துக் கட்டிய அணையில் "ஷட்டர்" ஏற்றி இறக்குவது அவர் வேலை. கோட்டை மலைகள் மழையில் மறைந்துவிட்டால், "அணைய நெறச்சி வச்சிக்கினா வர்ற வெள்ளத்துக்கு எடம் ஏது?" என்பார். கையில் இருக்கிற தண்ணீரை விட்டுவிட்டு, இன்னும் வராத தண்ணீருக்கு இடம் ஒதுக்குவார்களாம். கோடையில் ஒரு சொட்டு விட யோசிக்கிற மனிதர் மழையில் இப்படி வாரி இறைப்பது எனக்கு அப்போது விளங்கவே இல்லை. இப்போதும் பாதிதான் விளங்குகிறது.

பள்ளிக்கு மழை விடுமுறை விட்ட ஒரு கார்த்திகைக் காலையில் நைனாவுக்குச் சோறு கொண்டுபோனேன். அவர் அணைமேல் நின்று நீர்மட்டம் பார்த்துக்கொண்டிருக்க, ஷட்டர் அறையில் இருந்த கறுப்பு போன் அடித்தது. எடுத்தேன். கரகரப்புக்கு நடுவே மேலதிகாரியின் குரல். ஓரடி தூக்கச் சொன்னாரா, ஆறடி தூக்கச் சொன்னாரா? திரும்பக் கேட்பதற்குள் லைன் கட்டாகிவிட்டது. ஓடிப்போய், "ஆறடியாம் நைனா" என்றேன்.

"நல்லா கேட்டியா பாப்பா?"

தெரியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. தலையாட்டினேன். அவர் சைரனை ஊதிவிட்டுக் கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தார்.

அன்று மதியமே ஆற்றோரத்தில் மாமாவின், அதாவது என் அம்மாவுடைய அண்ணனின், பால் பிடித்த நெல் மொத்தமும் மூழ்கியது. சேற்றுக் காலோடு வந்து, "அணைல எடம் இருக்கசொல்ல இன்னாத்துக்கு மாப்ள அவ்ளோ தொறந்த?" என்று கத்தினார். நைனா என் பக்கம் திரும்பாமல், "உத்தரவு மச்சான்" என்றார். சாயங்காலம் மேலிருந்து வந்த வெள்ளம் அணையின் விளிம்புவரை ஏறி, தாண்டாமல் நின்றது. ஊரே நைனாவைக் கொண்டாடியது. மாமா சாகும்வரை எங்கள் வாசலை மிதிக்கவில்லை. நான் கெடுத்தேனா, காப்பாற்றினேனா என்று தெரியாமலே வளர்ந்தேன்.

இப்போது பொத்தானை அழுத்தினால் ஷட்டர் ஏறுகிறது. உத்தரவு எழுத்தாகவே செல்போனுக்கு வந்துவிடுகிறதாம். அந்தக் கறுப்பு போனும் இல்லை, தப்பாகக் கேட்க வழியும் இல்லை. போன மாதம் நைனாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "உன் பேச்ச கேட்டா தொறப்பாங்க? வர்ற தண்ணியப் பாத்துதான் தொறந்தேன், போ" என்று சிரித்தார். அப்பாடா என்றிருந்தது.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது. இது உண்மையென்றால் மாமாவிடம் "உத்தரவு" என்று சொன்னது பொய். அது உண்மையென்றால் என்னிடம் சொன்னது பொய். இறங்கிப் போய்க் கேட்டுவிடலாம் என்று எழுந்தேன். கேட்க மனம் வராமல் உட்கார்ந்துவிட்டேன்.