அறுநூறு அடி

ஆம்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். இந்த வருடம் விளையாட்டு விழாவுக்கு முன்னால் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, பழங்காலக் கிரேக்கர்களின் போட்டிகளைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லச் சொன்னார். இரண்டு பீரியடில் முடித்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டுதான் வகுப்புக்குள் போனேன்.

போட்டிகள் தொடங்கிய காலத்தில் இருந்தது ஓட்டம் மட்டும்தான் என்றேன். அறுநூறு அடி தூரம், நேராக ஒரே ஓட்டம். அந்த அடியின் அளவு ஊருக்கு ஊர் மாறும், அதனால் மைதானத்தின் நீளமும் மாறும். போட்டி நடக்கும் நாட்களில் சண்டை கூடாது என்று தூதர்கள் ஊர் ஊராகப் போய்ச் சொல்வார்கள். ஜெயித்தவனுக்கு ஆலிவ் இலையில் ஒரு கிரீடம். இரண்டாவதாக வந்தவனுக்கு ஒன்றும் கிடையாது.

நான் இரண்டாவதாக வந்தவள்.

பள்ளியில் படித்த காலத்தில் இருநூறு மீட்டர் ஓடுவேன். எனக்கு முன்னால் எப்போதும் ஒருத்தி ஓடினாள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம், ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டோம். ஓட்டத்தில் மட்டும் அவளைப் பிடிக்க முடிந்ததில்லை. அவளுடைய இரட்டைச் சடை முதுகில் துள்ளுவதைப் பார்த்தபடியே நான்கு வருடம் ஓடினேன். தோற்றதில் எனக்கு வருத்தம் இருந்ததாக ஞாபகம் இல்லை. கோட்டைத் தாண்டியதும் அவள் திரும்பி நின்று என் கையைப் பிடித்து நிறுத்துவாள். பத்தாவது முடிந்ததும் அவள் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் சேர்ந்தாள். நான் மேலே படிக்கப் போனேன். கடைசியாக அவளைப் பார்த்தது வேலூர் பஸ் நிலையத்தில், பத்து வருடத்துக்கு முன்னால். இடுப்பில் குழந்தை. “டீச்சராயிட்டியாமே. இன்னும் ஓட்றியா?” என்று கேட்டாள். பதில் சொல்வதற்குள் அவளுடைய பஸ் வந்துவிட்டது. போன் நம்பர்கூட வாங்கவில்லை.

“மிஸ், பொம்பளைங்க ஓடலையா?” என்று ஒருத்தி கேட்டாள்.

கல்யாணமான பெண்கள் அந்தப் போட்டிகளைப் பார்க்கவே கூடாது, ஆனால் சின்னப் பெண்களுக்கு ஒரு தேவியின் பெயரால் தனி ஓட்டம் இருந்தது என்றேன். கூந்தலை அவிழ்த்துவிட்டு ஓடுவார்கள். அதே மைதானம்தான், தூரத்தில் மட்டும் ஆறில் ஒரு பங்கைக் குறைத்துவிடுவார்கள்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. “ஏன் மிஸ் கம்மி?”

எனக்குத் தெரியவில்லை. அதையே சொன்னேன்.

“அப்ப நாம முழுசா ஓடலாம் மிஸ்.”

அப்படித்தான் அது ஆரம்பித்தது. யாருடைய காலால் அளப்பது என்று முதலில் தகராறு. வகுப்பிலேயே பெரிய பாதம் உள்ள பெண் ஒருத்தி எப்போதும் பாதங்களை பெஞ்சுக்கு அடியில் இழுத்து வைத்திருப்பாள். அன்று அவளே எழுந்து நின்றாள். “என் கால் முப்பத்தொம்போது மிஸ். அம்மா கம்பெனில வெளிநாட்டுக்கு அனுப்புற ஷூவுல போட்டுப் பாத்தேன், அங்கத்த நம்பரு.” யாரும் சிரிக்கவில்லை. ஷூ ஏற்றுமதி செய்யும் ஊர் இது; எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு ஐரோப்பாக்காரர்களின் கால் அளவு தெரியும்.

மைதானத்தின் பின்சுவரில் தொடங்கி, குதிகாலை விரல்நுனியில் ஒட்டி ஒட்டி வைத்து அவள் நடந்தாள். மற்றவர்கள் கூடவே எண்ணினார்கள். ஐந்நூறாவது அடியில் பள்ளியின் இரும்பு கேட் வந்துவிட்டது. பெண்களுக்கென்று குறைத்த அந்தத் தூரத்துக்கு எங்கள் மைதானம் சரியாகப் போதும். மீதி நூறு அடி வெளியே சந்தில் இருந்தது.

தலைமையாசிரியை முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. “கேட்டுக்கு வெளில ஏதாவது ஆச்சுன்னா யாரும்மா பதில் சொல்றது?” என்றார். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றேன். “வெள்ளிக்கிழமை கடைசி பீரியடு. பத்து நிமிஷம்தான்” என்றார்.

அதற்கு முந்தின நாள் மூன்று பெண்கள் தூது போனார்கள். டீக்கடை, மளிகைக்கடை, சைக்கிள் ரிப்பேர் கடை என்று சந்து முழுக்கப் போய், அந்தப் பத்து நிமிஷம் வண்டி வரக்கூடாது என்று சொல்லி வந்தார்கள். ஷூ கம்பெனி வேன் டிரைவர் ஒருவர் மட்டும், “இன்னாம்மா, நான் ட்ரிப் எடுக்க வேணாவா?” என்றாராம். கிரேக்கத்தில் ராஜாக்களே சண்டையை நிறுத்தினார்கள் என்று அவரிடம் சொன்னார்களாம். அவர் சிரித்துவிட்டு, முனையிலேயே நிறுத்திக்கொள்கிறேன் என்றாராம்.

ஆலிவுக்கு எங்கே போவது? கிரீடத்துக்கு நான் வேப்பிலை என்றேன். “வேணாம் மிஸ், அம்மை போட்ட மாதிரி இருக்கும்” என்றார்கள். புங்க இலையில் கட்டினோம்.

வெள்ளிக்கிழமை பதினோரு பெண்கள் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். சிலர் சடையை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். ஒருத்தி தலையில் சுற்றிய துப்பட்டாவை இன்னொரு ஊக்கு குத்தி இறுக்கிக்கொண்டாள். நான் சந்தின் கோடியில், சுண்ணாம்புக் கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தேன். வேன் முனையில் நின்றது. ஷிஃப்ட் முடிந்த பெண்கள் இறங்கி, வழி அடைத்திருக்கவே சுவரோரம் ஒதுங்கினார்கள். இன்னா விஷயம் என்று கேட்டார்கள். சொன்னேன். டிபன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் வரிசையாக நின்றுவிட்டார்கள்.

விசில் கேட்டது. கேட்டுக்குள்ளிருந்து பிள்ளைகள் சந்துக்குள் பாய்ந்து வந்தார்கள். முன்னால் வந்தவள் வகுப்பில் வாயே திறக்காத ஒல்லிப் பெண். அவளுக்கு அரை அடி பின்னால் அவளுடைய தோழி, பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள். சுவரோரம் நின்ற பெண்கள் கை தட்டினார்கள். ஒல்லிப் பெண் கோட்டைத் தாண்டி நான்கு எட்டு போய்த் திரும்பி, ஓடி வந்த தோழியைத் தாங்கிப் பிடித்தாள். இரண்டு பேரும் மூச்சு வாங்கச் சிரித்தார்கள். கிரீடத்தை ஒல்லிப் பெண்ணின் தலையில் வைத்தேன்.

பிள்ளைகள் உள்ளே போனபிறகும் நான் சந்திலேயே நின்றேன். வேனில் வந்தவர்களில் கொஞ்சம் வயதான அம்மா ஒருவரிடம் என் தோழியின் பெயரைச் சொல்லி விசாரித்தேன். இத்தனை வருடமாக இந்தச் சந்தில் இறங்கும் பெண்களின் முகங்களில் அவளைத் தேடியிருக்கிறேன். வாய் திறந்து கேட்டது அன்றுதான்.

“அந்தப் பொண்ணா? எங்க தையல் லைன்லதான் இருந்துச்சு டீச்சர். ராணிப்பேட்டை பக்கம் போய்ட்டாங்க, நாலஞ்சு வருஷம் ஆவுது. நம்பரு இருந்துச்சு, போனை மாத்துனதுல போய்டுச்சு.”

“எப்படி இருந்தா?”

“காலைல புள்ளைய ஸ்கூல்ல விட்டுட்டு லேட்டாத்தான் வரும். வண்டி கெளம்பிடும். அவ்ளோதான், விட்டுச்சுன்னு நெனைப்போம். புடவைய ஒரு கையில தூக்கிப் பிடிச்சினு பின்னாடியே ஓடியாந்து ஏறிடும். ஒரு நாள் கூட வண்டிய விட்டதில்ல.”

“எந்த இடத்துலேருந்து ஓடி வருவா?” என்று கேட்டேன். அவர் ஒரு மாதிரி பார்த்தார். ஆனாலும் பொறுமையாகச் சொன்னார்: ஸ்கூல் முனையிலிருந்து பால் பூத் வரைக்கும். எங்கள் இருநூறு மீட்டர் இருக்குமா என்று மனசுக்குள் அளந்து பார்த்தேன்.

அடுத்த சனிக்கிழமை ராணிப்பேட்டைக்குப் போனேன். தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி வாசலில் நின்று வாட்ச்மேனிடம் பெயரைச் சொன்னேன். “எந்த கம்பெனிம்மா?” என்றார். தெரியவில்லை. “இங்க எத்தினியோ கீது. கம்பெனி பேரு இல்லாம எப்படிம்மா?” என்று வருத்தமாகவே சொன்னார். ஷிஃப்ட் விடும்வரை அவருடைய ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அன்று அந்த வாசல் வழியாக அவள் வரவில்லை. அடுத்த கேட்டில் கேட்டுப் பார்க்க வரும் சனிக்கிழமை மறுபடியும் போகிறேன்.