பிலாத்துவுக்கு வசனம் இல்லை

மார்ட்டின் என் புருஷன். அதனால் அவரைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்ல எனக்கு முழு உரிமை இருக்கிறது. ஆனால் இது அவர் கதை இல்லை, அவருடைய அண்ணி ரோசரியின் கதை.

தென்னூரில் ஒரே வீட்டில் நாங்கள் இரண்டு குடும்பம். ரோசரி அக்கா ஸ்ரீரங்கத்தில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். எங்கள் சர்ச் பங்கில் ஈஸ்டர் முடிந்ததும் பாஸ்கா நடக்கும். இயேசுவின் பாடுகளைக் காட்டும் நாடகம். அதற்கு வசனம் எழுதுவது அக்காதான். பல வருஷமாகக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, பரீட்சை அட்டையை மடியில் வைத்து எழுதினார். கழுத்து வலி வந்ததே தவிர, இந்த வீட்டில் ஒருத்தரும் ஒரு ஸ்டூலைக்கூட நகர்த்திக் கொடுக்கவில்லை.

போன வருஷம் ஸ்ரீரங்கத்தில் யாரோ வீட்டைக் காலி செய்தபோது பழைய தேக்கு மேசை ஒன்று விலைக்கு வந்தது. அக்கா அதைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து ஹாலில் ஜன்னல் ஓரமாகப் போட்டார். முழு மேசையும் அவருக்குக் கிடைத்துவிடவில்லை. இடது பாதியில் மகள் அனிஷாவின் ஹோம்வொர்க். இழுப்பறையில் பிலோமி என்கிற பூனை குடியேறிவிட்டதால் அதை மூடவே முடியாது. மிச்சமிருந்த இடத்தில் அக்கா எழுதினார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் மண்ணச்சநல்லூரில் ஒரு துக்கம். அக்காவும் அவர் வீட்டுக்காரர் தைரியராஜும் அனிஷாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். நான் வேலை முடிந்து வருவதற்குள் என் புருஷன் காரியத்தை முடித்திருந்தார். பால்கனியில் வெயில் அடிக்கிறதென்று தன் லவ் பேர்ட்ஸ் கூண்டைத் தூக்கி மேசை மேல் வைத்துவிட்டார். பூனையை வெளியே துரத்திவிட்டார். கூண்டின் அடித்தட்டில் விரிக்கத் தாள் தேடியவர் கண்ணில் பட்டது, அக்கா மாதக்கணக்கில் கையால் எழுதிய பாஸ்கா. இயேசு பிடிபடுகிற கெத்சமனித் தோட்டக் காட்சி முழுக்கக் குருவி எச்சம்.

சாயங்காலம் அக்கா வந்து பார்த்தார். மார்ட்டின் வாஷ்பேசினில் கை கழுவிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் பேசினார்.

“பழைய பேப்பர்னு நெனச்சேன் அண்ணி. அதுக்கென்ன இப்ப? வருஷா வருஷம் அதே கதைதானே. ஜனங்க பார்த்தாலே புரிஞ்சுக்கும்.”

“விடு ரோசரி, தம்பி தெரியாம செஞ்சுட்டான்” என்றார் தைரியராஜ்.

கூண்டு மேசையிலேயே இருந்தது. அக்கா தாள்களை உருவி எடுத்துக்கொண்டு மறுபடி எழுதக் கட்டில் விளிம்புக்கே போனார். ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வரும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

வந்தது. எங்கள் பாஸ்காவில் யாருக்கு என்ன வேஷம் என்பதைப் பங்கில் கூடி முடிவு செய்வார்கள். யார் எவ்வளவு பேசுவது என்பது எழுதுகிறவர் இஷ்டம், அதில் பங்குச் சாமியார்கூடத் தலையிட மாட்டார். இயேசுவுக்கு மரண தண்டனை கொடுத்துவிட்டுத் தனக்குச் சம்பந்தமில்லை என்று கை கழுவுகிற ரோமானிய ஆளுநர் பிலாத்து வேஷம் பல வருஷமாக மார்ட்டினுக்குத்தான். அவருக்கு வெண்கலக் குரல். பாஸ்கா நெருங்கிவிட்டால் வீட்டில் காபி கேட்பதுகூட ராஜ கட்டளை மாதிரிதான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோருக்கும் நாடகப் பிரதியைக் கொடுத்தார்கள். மார்ட்டின் முன்னும் பின்னும் புரட்டினார். பிலாத்து அமர்கிறான். பிலாத்து பார்க்கிறான். பிலாத்து கை கழுவுகிறான். அவ்வளவுதான்.

“அண்ணி, என் வசனம் எங்க?”

“வருஷா வருஷம் அதே கதைதானே தம்பி” என்றார் அக்கா. “ஜனங்க பார்த்தாலே புரிஞ்சுக்கும்.”

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். பைபிளில் ஒரே ஒரு வரியில் வந்துபோகிற பிலாத்துவின் மனைவிக்கு அக்கா பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். அந்த வேஷத்துக்கு ஆள் யார் என்று கேட்டபோது, “ஷெர்லின் செய்வா” என்று என்னைக் காட்டினார்.

அன்று மத்தியானமே கூண்டு எங்கள் படுக்கையறைக்கு வந்துவிட்டது. எனக்கும் சேர்த்துத்தான் அந்த நாற்றம், பரவாயில்லை. மார்ட்டின் மேசையைச் சோப்புத் தண்ணீர் விட்டுத் துடைத்துவிட்டு அக்கா முன்னால் போய் நின்றார்.

“மேசையக் குடுத்துட்டேன் அண்ணி. எனக்கு ஒரு ரெண்டு வரியாவது...”

“நீங்க எங்க குடுத்தீங்க தம்பி? அது என்னோடது. எடுத்ததத் திருப்பி வச்சிருக்கீங்க.”

பிலோமி வந்து இழுப்பறைக்குள் படுத்துக்கொண்டது. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் வேஷத்துக்கு இன்னும் நாலு வரி சேர்த்தார்.

பாஸ்கா அன்று மைதானம் நிறைந்திருந்தது. சிவப்பு வெல்வெட் அங்கியில் என் புருஷன் சிம்மாசனத்தில் வாய் மூடி உட்கார்ந்திருந்தார். கல்யாணம் ஆனதிலிருந்து நான் கேட்க நினைத்ததையெல்லாம் அக்கா வசனமாக எழுதியிருந்தார். ஒன்றையும் விடாமல் கேட்டேன். பிறகு சேவகன் கை கழுவும் பாத்திரத்தைக் கொண்டுவந்து நீட்டினான். அது வீட்டில் லவ் பேர்ட்ஸ் குளிக்கிற எவர்சில்வர் கிண்ணம். மார்ட்டினுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. கை அப்படியே நின்றது. முன்வரிசையில் இருந்த அக்காவைப் பார்த்தார். அக்கா கண்ணை எடுக்கவில்லை.

அவர் விரலை நனைத்ததும் நான் கடைசி வரியைச் சொன்னேன்.

“நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள் பிரபுவே. இன்னும் போகவில்லை.”

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். மைக் என் கையில் இருந்தது.