தேசாதிபதி கை கழுவிய தண்ணீர்

கீரனூரில் எனக்கு ஒரு சின்ன ஸ்டுடியோ உண்டு. கல்யாணம், காதுகுத்து, மாதா கோயில் புதுநன்மை, புதுமனை புகுவிழா எல்லாவற்றுக்கும் வீடியோ எடுப்பேன். அழுகிற மணப்பெண்ணின் கண்ணீர்த் துளிக்குள் மாப்பிள்ளையின் முகத்தை வரவைப்பது எனக்குக் கைவந்த கலை. அதனால், பருவநிலை மாற்றத்தைப் பற்றிக் குறும்படம் எடுத்துத் தர முடியுமா என்று திருச்சியிலிருந்து ஒரு தொண்டு நிறுவனத்துப் பெண் போனில் கேட்டபோது, முடியும் என்று உடனே சொல்லிவிட்டேன். மழையில் எடுத்திருக்கிறேன், வெயிலில் எடுத்திருக்கிறேன், இதில் என்ன பெரிய கஷ்டம் என்று நினைத்தேன்.

அந்தப் பெண் போட்ட நிபந்தனைகள்தான் கொஞ்சம் கலங்கடித்தன. பாட்டு கூடாது. ட்ரோன் கூடாது. ஸ்லோ மோஷன் கூடவே கூடாது. ஊர்க்காரர்கள் தங்களுக்கு நடந்ததைத் தங்கள் வாயாலேயே சொல்ல வேண்டும், யாரும் எழுதிக் கொடுக்கக் கூடாது. படத்தை மற்ற ஊர்களில் போட்டுக் காட்டுவார்களாம். அதைப் பார்த்து அந்த ஊர்க்காரர்களும் தங்கள் கதையைச் சொல்ல முன்வருவார்களாம். அப்படியானால் நான் எதற்கு என்று கேட்க வாய் வரை வந்துவிட்டது. கேட்கவில்லை.

சொந்த ஊரிலேயே எடுப்பது என்று முடிவு செய்தேன். ஆவூர்ப் பக்கம், கண்மாய்க்கரையை ஒட்டி மாதா கோயிலும் அதைச் சுற்றி வீடுகளுமாக இருக்கிற கிராமம். அங்கே பேச ஆள் கிடைப்பது கஷ்டமே இல்லை. ஈஸ்டர் சமயத்தில் சாமி பட்ட சிலுவைப் பாடுகளை நடித்துக் காட்டுகிற பாஸ்கா நாடகம் போடும் ஊர். ஊரில் பாதி ஆண்கள் ஏதாவது ஒரு வேஷம் கட்டியிருப்பார்கள், மீதிப் பேர் ஈட்டி பிடித்து நின்றிருப்பார்கள். எல்லோரிலும் பெரிய நடிகர் என் மாமா. சாமிக்குத் தீர்ப்பெழுதிவிட்டு, இந்தப் பழியில் எனக்குப் பங்கில்லை என்று சபைக்கு முன்னால் கை கழுவுகிறாரே ரோமாபுரித் தேசாதிபதி, அந்த வேஷம் அவருடையது. மற்ற நாட்களில் நெல்லும் கடலையும் போடுகிற விவசாயி.

பருவநிலை பற்றிப் பேச வேண்டும் என்றதும் மாமா வசனம் எங்கே என்று கேட்டார். வசனம் கிடையாது, மனசில் பட்டதைச் சொல்லுங்கள் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. மறுநாள் காலையில் நான் கேமராவோடு போனபோது, வழவழவென்று ஷேவ் செய்து, கஞ்சி போட்ட வேட்டி கட்டி, முகத்தில் பவுடரோடு வாசலில் நின்றார். பின்னால் தெரிந்த காய்ந்த கடலைக் கொல்லைக்கும் அவருக்கும் கொஞ்சமும் சம்பந்தமில்லை.

கேமராவை ஓடவிட்டேன். மாமா வானத்தை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும் அந்தக் குரலை எடுத்தார்.

"மேகங்களே, நீங்கள் எங்கே சென்றீர்கள்? இக்குடிகள் செய்த குற்றம் யாது?"

மாமா, வீட்டில் பேசுவது மாதிரிப் பேசுங்கள் என்று கெஞ்சினேன். அவர் முயற்சி செய்யாமல் இல்லை. ஆனால் கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்ததும் அவருக்குள் ரோமாபுரி வந்துவிடும். அன்று நான் எடுத்த எல்லாவற்றிலும் குடிகள், மேகங்கள், சாபங்கள்தான். கடைசியாக ஒரு தடவை என்று கேட்டுக்கொண்டேன். அப்போது அவருக்கு ஆவேசம் முற்றிவிட்டது. வாசல் ஓரம் இருந்த சொம்பை எடுத்து, "இந்த வறட்சியின் பழியில் எனக்குப் பங்கில்லை" என்று சொல்லி, கை மாற்றிக் கை நீட்டித் தண்ணீரைத் தாராளமாக ஊற்றிக் கழுவினார். முகத்தில் அப்படி ஒரு வேதனை. எனக்கே ஒரு நொடி புல்லரித்துவிட்டது.

அத்தை உள்ளேயிருந்து வந்தார். கேமரா ஓடுவது அவருக்குத் தெரியாது, தெரிந்திருந்தாலும் நின்றிருக்க மாட்டார்.

"ஏங்க, அது குடிக்க வச்சிருந்த தண்ணி. கொழாயில நாளைக்கு வந்தா உண்டு, இல்லாட்டி மேட்டுத்தெரு போர்ல போயி நான்தான் வரிசையில நிக்கணும். ஆடியில வெதச்சு ஐப்பசியில கடலை புடுங்குன காலம் போயிருச்சு. வெதைக்கயில ஒரு சொட்டு இல்ல, புடுங்கப் போனா ஊத்தோ ஊத்துன்னு ஊத்துது. போன வருசம் கடலை மண்ணுக்குள்ளயே மொளச்சுப்போச்சு, ஆடுகூட திங்கல. நீங்க இங்கிட்டு நின்னு கையக் கழுவிக்கிட்டு இருக்கீங்க."

சொல்லிவிட்டுச் சொம்பைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். மாமா ஈரக் கையோடு அப்படியே நின்றார். அன்றைக்கு அவர் நடிக்காமல் நின்றது அந்த ஒரு நிமிஷம்தான்.

சாயங்காலம் அந்தத் துண்டைத் திருச்சிக்கு அனுப்பினேன். அந்தப் பெண் சிரித்து ஓய்ந்து, இதுதான் படம், இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம் என்றது. அத்தையிடம் போய்ச் சொன்னேன். அத்தை சிரிக்கவில்லை. மகனுக்கு அரிமளம் பக்கத்தில் ஒரு பெண் பார்த்து, பேச்சு கிட்டத்தட்ட முடிகிற நிலையில் இருந்தது.

"அதப் போட்றாத மாப்ள. தண்ணிக்கு வரிசையில நிக்கிற வீடுன்னு தெரிஞ்சா எவன் பொண்ணு குடுப்பான்? நம்ம ஊர்லயே நம்ம வீட்ல மட்டுந்தான் தண்ணி இல்லங்கற மாதிரில்ல இருக்கும்."

அவர் சொன்னது நியாயம். எங்கள் பக்கம் சம்பந்தம் பேசப் போகிறவர்கள் பையனைப் பார்ப்பதற்கு முன்னால் கிணற்றை எட்டிப் பார்ப்பது புதிதில்லை. திருச்சிப் பெண்ணிடம், அந்தத் துண்டை மறந்துவிடுங்கள் என்றேன். சம்மதம் இல்லாமல் எதையும் போட மாட்டோம் என்று அதுவும் நல்லபடியாகவே சொன்னது. ஆனால் படம் எங்கே என்று வாராவாரம் கேட்டது.

வேறு யாரையாவது எடுக்கலாம் என்றால், தேசாதிபதி நடித்துவிட்டார் என்று கேள்விப்பட்டு ஊரே வசனத்தோடு தயாராக இருந்தது. வெறுத்துப்போய் ஸ்டுடியோவில் உட்கார்ந்து, ஹார்டு டிஸ்க்கில் இடம் பண்ணப் பழைய கல்யாணங்களை அழித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர்க் கல்யாணங்களில், கோயிலில் பூசை முடிந்ததும் மணமக்களைக் கண்மாய்க்கரைக்குக் கூட்டிப்போய், ஒரே இடத்தில், நிறைந்த தண்ணீர் வழிந்தோடும் கலிங்குக்குப் பக்கத்தில் நிறுத்தி எடுப்பது என் வழக்கம். ஒரு கல்யாணத்தில் மணப்பெண்ணின் தோளுக்குப் பின்னால் தண்ணீர் தளும்பியது. அடுத்ததில் சேறு. அதற்கடுத்ததில் அதே இடத்தில் பையன்கள் ஸ்டம்பு நட்டுக் கிரிக்கெட் ஆடினார்கள். புயல் அடித்த வருஷம் கரையில் நின்ற மரங்களே இல்லை, சாய்ந்து கிடந்த புளியமரத்தின் மேல் மணமக்கள் உட்கார்ந்து சிரித்தார்கள். இன்னொன்றில் கண்மாய் நிறைந்து கரையே மூழ்கி, ஜோடியை ரோட்டில் நிறுத்தி எடுத்திருந்தேன். பட்டுச் சேலையும் கோட்டும் மாறவே இல்லை. பின்னால் இருந்ததுதான் ஒவ்வொரு தடவையும் தாறுமாறாக மாறியது. இத்தனை வருஷம் அதை மறைக்கத்தான் நான் இதய வடிவமும் ரோஜாப்பூவும் போட்டிருந்தேன் போல.

எல்லாவற்றையும் வருஷ வரிசையில் ஒட்டி, முதலில் அத்தைக்குப் போட்டுக் காட்டினேன். அவர் கல்யாணப் பெண்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அடையாளம் கண்டார், இருவரின் நகையைப் பற்றி அபிப்பிராயமும் சொன்னார். பிறகு, "இது எல்லா வீட்டுக் கல்யாணமும்தான" என்றார். ஆமாம் என்றேன். "அப்பச் சரி. எல்லாரும் இருக்காகன்னா நான் திட்டுனதையும் கடைசியில சேத்துக்க" என்றார்.

சம்மதம் கேட்டு வீடு வீடாகப் போனபோதுதான் எனக்கு உண்மையான தொல்லை ஆரம்பித்தது. வேண்டாம் என்று சொன்னவர் ஒருவரும் இல்லை. எங்கள் கல்யாணம் ஏன் இல்லை என்று சண்டைக்கு வந்தவர்கள்தான் அதிகம். தங்கள் கல்யாணத்தன்று கண்மாய் எப்படி இருந்தது தெரியுமா என்று அவரவர் பென் டிரைவ் கொண்டு வந்தார்கள். மண்டபத்தில் கல்யாணம் செய்தவர்கள்கூடக் கொண்டு வந்தார்கள்.

படத்தைச் சாயங்காலப் பூசைக்குப் பிறகு கோயில் வாசலில் திரை கட்டிப் போட்டோம். முதல் பாதி முழுக்க, யாருக்கு அப்போது தலையில் முடி இருந்தது, யார் எவ்வளவு ஒல்லி என்பதுதான் பேச்சு. கிரிக்கெட் வந்த இடத்தில் சிரிப்பு நின்றது. அத்தை சொம்பைப் பிடுங்கும் கட்டத்தில் மறுபடி பெரிய சிரிப்பு, அதோடு பெண்கள் பக்கமிருந்து கைதட்டல். படம் முடிந்ததும் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். போர்வெல் போட்டவர்களைப் போடாதவர்களும், தண்ணீரை உறிஞ்சும் சீமைக் கருவேலமரத்தை வளரவிட்டவர்களை வெட்டியவர்களும் குற்றம் சொன்னார்கள். யாரும் செந்தமிழில் பேசவில்லை. திருச்சிப் பெண் மகிழ்ச்சி தாங்காமல் செல்போனில் பதிவு செய்துகொண்டே இருந்தது. பங்குச் சாமியார் வந்து மைக்கை அணைத்த பிறகும் சத்தம் குறையவில்லை.

படம் வாட்ஸப்பில் அரிமளம் போய்ச் சேர அதிக நேரம் ஆகவில்லை. பெண்ணின் அப்பா போன் செய்தபோது நானும் மாமா வீட்டில்தான் இருந்தேன். மாமா ஸ்பீக்கரில் போட்டார். அத்தை என்னைப் பார்த்த பார்வையில் நான் செருப்பைத் தேடினேன்.

"படம் பாத்தமுங்க" என்றார் அவர். "எங்க ஊர்லயும் இதே கததான். பாப்பா ஒன்னு கேக்குது. கல்யாணத்துக்கு முன்ன, மாடியில பெய்யிற மழத்தண்ணி எறங்குற மாதிரி ஒரு தொட்டி கட்டிருவீகளா?"

மாமா, கண்டிப்பாகக் கட்டிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். கட்டியும் விட்டார். தான் வாழ வந்த நாளிலிருந்து கேட்ட தொட்டியை, இன்னும் வாழ வராத ஒருத்தி ஒரே போனில் வாங்கிக்கொண்டாள் என்று அத்தைக்குப் பெரிய வருத்தம். வருத்தத்தோடு போய்த் தினமும் தொட்டிக்குச் சுண்ணாம்பு அடிப்பதை மேற்பார்வை செய்தார்.

கல்யாணம் வைகாசியில். அன்று மத்தியானம் யாரும் எதிர்பாராத மழை, பந்தல் ஒரு பக்கம் சாய்ந்தது. விருந்தினர்கள் இலையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குள் ஓடினார்கள். சாயாத பக்கத்து மேடையில் கேக் வெட்டப்போகிற நேரம் அத்தை என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடி, குழாய் வழியாகத் தொட்டிக்குள் தண்ணீர் விழுவதை எடுக்கச் சொன்னார். எடுத்தேன். நானும் அங்கேயே நின்றுவிட்டேன். வீடியோவில் கேக் வெட்டியது இல்லை. மாப்பிள்ளைப் பையன் என்னோடு வெகுநாள் பேசவில்லை. அவன் மனைவிதான், கேக் எல்லார் வீட்டு வீடியோவிலும் இருக்கிறது, விடுங்கள் என்று சொல்லி எங்களைச் சமாதானம் செய்துவைத்தது.